முன்னாள் கூரைச்சேவல்

திஹோமிர் என்ற பெயருக்கு அமைதி, சமாதானம் என்று பொருள். தொட்டிலில் அவன் கத்திய கத்தலைக் கேட்ட பிறகு வைத்திருந்தால், பெயர் வைத்த ஞானத்தகப்பன் வேறு ஏதாவது வைத்திருப்பார். ஸொம்போர் நகரத்தில் மூக்குக்கு மேல் கோபம் வருகிறவர்களை வரிசையில் நிறுத்தினால் முதல் ஐந்து பேருக்குள் அவன் இருப்பான். ஆனால் அந்தக் கோபத்தைக் காட்ட வேண்டிய ஒரே ஆளிடம் மட்டும் அவனால் காட்ட முடியாது. அந்த ஆள் அவனுடைய கூம்.

கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவன்தான் கூம். அந்தக் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அவன்தான் ஞானத்தகப்பன். கூடப் பிறந்தவனோடு வேலித் தகராறு பண்ணலாம், கோர்ட்டுக்குக்கூட இழுக்கலாம். கூமைப் பார்த்து முகம் சுளித்தாலே ஊர் வாயில் விழ வேண்டும். தீஷாவின் கூம் போர்கோ. தீஷா என்பது திஹோமிரின் செல்லப்பெயர். அதை வைத்தவனும் போர்கோதான், ஏழாம் வகுப்பில்.

பெயர் வைப்பது போர்கோவுக்குப் பிறவியிலேயே வந்த திறமை. ஆசிரியர்களுக்கு, தெருநாய்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டைக் காருக்கு என்று எதற்கும் வைத்தான். வைத்த பெயர் ஒட்டிக்கொள்ளும், பிறகு உரித்தாலும் வராது. இருபது வயதில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து இசைக்குழு ஆரம்பித்தபோது அதற்கும் அவன்தான் பெயர் வைத்தான். எதிர்வீட்டு உச்சியில் காற்றுக்குத் திரும்பும் தகரச் சேவலைப் பார்த்துவிட்டு "கூரைச்சேவல்" என்றான், அவ்வளவுதான். போர்கோ பாடினான், லாஸ்லோ கிட்டார், ஸ்டிபான் டிரம்ஸ், தீஷா பேஸ் கிட்டார். மெட்டுகளில் முக்கால்வாசி தீஷா போட்டவை. "தண்டவாளம் தாண்டி வா" என்ற பாட்டு நாட்டில் ஒலிக்காத பேருந்து இல்லை, கல்யாணம் இல்லை, பல் வைத்தியர் காத்திருப்பு அறை இல்லை.

தீஷாவுக்கும் மனைவி டானிட்சாவுக்கும் மகள் பிறந்தபோது அவன் 'இஸ்க்ரா' என்று வைக்க ஆசைப்பட்டான். தீப்பொறி என்று அர்த்தம், மனதுக்குள் ரகசியமாகக் கூப்பிட்டும் பார்த்திருந்தான். ஆனால் அவன் அப்பா ஸாவா பழைய முறையில் ஊறியவர். பெயரைக் கூம்தான் சொல்ல வேண்டும், அதுவும் தேவாலயத்தில் பாதிரியார் கேட்கும்போதுதான் சொல்ல வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். போர்கோ பச்சைக் குழந்தையைக் கையில் ஏந்தி ஒரு கணம் உற்றுப் பார்த்து "டாரிங்கா" என்றான். எழுபது வயதுக் கிழவிகளின் பெயர். தீஷா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒரு மாதம் கழித்து, தொட்டிலில் கிடப்பது டாரிங்காவைத் தவிர வேறு யாராகவும் இருக்க முடியாது என்று அவனுக்கே தோன்றிவிட்டது. போர்கோவிடம் அவனுக்கிருந்த வயிற்றெரிச்சலின் வேர் இதுதான். அந்தப் பாவி ஒவ்வொரு முறையும் சரியாகவே வைத்துத் தொலைக்கிறான்.

கூரைச்சேவல் உடைந்த செய்தியைத் தீஷா தொலைக்காட்சியில்தான் தெரிந்துகொண்டான். தலைநகர் பெல்கிரேடிலிருந்து வரும் காலை நிகழ்ச்சி அது. போர்கோ கால்மேல் கால் போட்டுக் காபி குடித்துக்கொண்டே "சேவல் கூரையிலேர்ந்து இறங்கிடுச்சு, இனிமே நான் தனியாப் பாடப் போறேன்" என்றான். தீஷாவின் வாயில் ரொட்டி இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அடுத்த ரயிலைப் பிடித்துப் போய்க் கழுத்தைப் பிடித்திருப்பான். அன்று அவன் செய்தது போர்கோவுக்கு ஒரு போன்.

"கூமே, டிவியில பாத்தேன். சட்டை நல்லா இருந்துச்சு."

"நெசமாவா? டானிட்சாவுக்கும் புடிச்சுதா?" என்றான் போர்கோ. கிண்டலே இல்லை. உண்மையாகவே கேட்டான்.

லாஸ்லோ போர்கோவோடு போய்விட்டான். அந்தக் குழுவுக்குப் பெயர் தேட வேண்டிய கஷ்டமே வரவில்லை. 'போர்கோ' என்று ஒரு வார்த்தை, பக்கத்தில் பல்லைக் காட்டும் ஒரு படம், போதும். தீஷாவோடு ஸ்டிபான் நின்றான். பாட எமெஷெ என்ற பெண் வந்து சேர்ந்தாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹங்கேரியக் குடும்பம். அவள் குரலில் லேசாக ஒரு கீறல் இருக்கும், கேட்டால் முதுகுத்தண்டு நிமிரும். தீஷா புதுப்பாட்டுகள் கட்டினான், நல்ல பாட்டுகள். ஒன்றே ஒன்றுதான் குறை, குழுவுக்குப் பெயர் இல்லை.

பெயரில்லாத குழுவுக்கு ஊர் தானாகவே ஒன்று வைத்துவிடும். போன இடமெல்லாம் சுவரொட்டியில் "முன்னாள் கூரைச்சேவல்" என்று போட்டார்கள். அந்த 'முன்னாள்' என்ற சொல் தீஷாவை அறுத்தது. முன்னாள் மந்திரி, முன்னாள் புருஷன், முன்னாள் சாம்பியன் என்று அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிற எதற்காவது மரியாதை இருக்கிறதா? கிகிண்டா ஊரில் ஒரு வானொலிக்காரன் எமெஷெயிடமே "கூரைச்சேவலில் நீங்க முன்னாள் என்னவா இருந்தீங்க?" என்று மைக்கை நீட்டினான். கூரைச்சேவல் கொடிகட்டிப் பறந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் பின்னம் போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது வேனில் அவள் வெடித்தாள். "அண்ணே, நான் எதுக்கும் முன்னாள் கிடையாது. நான் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன். இன்னொரு தடவை போஸ்டர்ல அந்த வார்த்தையைப் பாத்தேன்னா, வேற ஆளப் பாத்துக்கங்க."

"பேரு வெச்சிடலாம்மா, ரெண்டு நாள்ல வெச்சிடலாம்."

"இதத்தானே போன வசந்தத்துலயும் சொன்னீங்க!"

பெயர் தேடாமல் இல்லை. 'ஈரத் தீப்பெட்டி' என்றான் தீஷா. பத்தாது என்றார்கள், இரண்டு அர்த்தத்திலும். 'பனிக்கரடி' நன்றாக இருந்தது, ஆனால் ஊரில் குளிர்பெட்டி பழுது பார்க்கும் கடைக்கு அதுதான் பெயர். எமெஷெ சொன்ன ஹங்கேரியச் சொற்கள் ஸ்டிபானின் நாக்கில் ஏறவில்லை. ஸ்டிபான் எப்போது கேட்டாலும் "இடி" என்றான், டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? தீஷா ராத்தூக்கம் கெட்டு யோசித்த பெயரெல்லாம் காலையில் பல் துலக்கும்போது அசட்டுத்தனமாகத் தெரிந்தது. மெட்டு என்றால் கேட்காமலேயே வருகிறது, ஒரு பெயர் வர மாட்டேன் என்கிறதே என்று சுவரில் முட்டிக்கொள்ளாத குறை. போர்கோவிடம் கேட்கலாம் என்று ஸ்டிபான் ஒருமுறை வாய் திறந்தான். தீஷா பார்த்த பார்வையில் மறுபடி திறக்கவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் ஊர்க் கலாசார மண்டபத்தில் கச்சேரி கிடைத்தது. சொந்த ஊரில் புதுக்குழுவின் முதல் மேடை. மண்டபத்தின் பொறுப்பாளர் ஷாந்தோர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"லூக்கா திருநாள் அன்னிக்கு மத்தியானம் போஸ்டர் அச்சுக்குப் போவுது. அன்னிக்கு உன் வீட்டுக்கு போன் போடுவேன். பேரு இருந்தா சொல்லு. இல்லன்னா, மன்னிச்சுக்கப்பா, 'முன்னாள் கூரைச்சேவல்'தான். எனக்கு டிக்கெட் விக்கணும்."

லூக்கா திருநாள்தான் தீஷா வீட்டு ஸ்லாவா. குடும்பத்தைக் காக்கும் புனிதரின் நாள், ஆண்டுக்கு ஒருமுறை. அன்று யாரையும் அழைக்கிற வழக்கம் கிடையாது. வருகிறவர்கள் வருவார்கள், வந்தவர்களுக்கு முறையாகப் பரிமாற வேண்டும். வீட்டுக்காரன் காலை முதல் கடைசி விருந்தாளி போகும் வரை உட்காரக் கூடாது. ஸாவா கிழவர் முழங்கால் தேய்ந்து அறுவை சிகிச்சை நடந்த பிறகும் அப்படித்தான் நின்றார். அந்த வருடம்தான் இனி முடியாது என்று மெழுகுவர்த்தியையும் பொறுப்பையும் மகன் கையில் கொடுத்திருந்தார். தீஷா வீட்டுக்காரனாக நிற்கும் முதல் ஸ்லாவா.

காலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாசலில் சர்க்கரையும் வால்நட்டும் கலந்த வேகவைத்த கோதுமையை ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்து உள்ளே அழைத்தான். ஸ்டிபானும் எமெஷெயும் வந்து மூலையில் உட்கார்ந்தார்கள். "பேரு?" என்று எமெஷெ கண்ணாலேயே கேட்டாள். அவன் சூப் பாத்திரத்தைக் காரணம் காட்டி நழுவினான். கூடத்துத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. அபாடினில் இருக்கும் சித்தப்பா, நோவிசாத் அத்தை என்று வாழ்த்துச் சொல்ல அழைத்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஸாவா ஒவ்வொன்றையும் எடுத்து, "நல்லா இருங்க, நல்லா இருங்க, பையன் நிக்கிறான், நல்லாத்தான் நிக்கிறான்" என்று கத்தினார்.

வேகவைத்த மாட்டிறைச்சி மேசைக்கு வந்த நேரத்தில் போர்கோ வந்தான். கையில் காபிப் பொட்டலம், ஒயின் பாட்டில், டாரிங்காவுக்கு ஆளுயரப் பொம்மை. அறையே எழுந்துகொண்டது. அவன் தீஷாவை மூன்று முறை முத்தமிட்டு, மேசையின் தலைமை இடத்தில் கூமுக்கான நாற்காலியில் அமர்ந்தான். தீஷா அவனுக்கு ஒயின் ஊற்றினான், இறைச்சி வைத்தான், தக்காளிச் சாறு ஊற்றினான். குனியும்போதெல்லாம் அவன் பூசியிருந்த விலையுயர்ந்த சென்ட் வாசனை மூக்கில் ஏறியது.

"கூமே," என்றான் போர்கோ, வாயில் உருளைக்கிழங்கோடு. "பேரு கிடைக்காம அல்லாடுறியாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"தேடிக்கிட்டிருக்கேன் கூமே. இன்னும் கொஞ்சம் சாறு ஊத்தவா?"

"எனக்கு எதுக்குச் சாறு? பேரக் கேளு!"

அறை சிரித்தது. தீஷா அடுப்படிக்குப் போய் டானிட்சாவிடம், "இவன் வாயில அந்தப் பொம்மையத் திணிக்கப் போறேன்" என்றான். "இன்னிக்கு லூக்கா திருநாள். மூடிக்கிட்டு சார்மாவை எடுத்துட்டுப் போ" என்று அவள் முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டி அடுக்கியிருந்த பெரிய தட்டை அவன் கையில் வைத்தாள்.

அவன் தட்டோடு அறைக்குள் நுழைந்தபோது அது நடந்தது. புழுக்கம் தாங்காமல் ஸ்டிபான் ஜன்னலைத் திறந்திருந்தான். தீஷா காலால் கதவைத் தள்ளினான். ஜன்னலும் கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. திரைச்சீலை எழும்பியது. மேசையில் இருந்த கிழவிகள் எல்லாரும் கழுத்தைப் பொத்திக்கொண்டார்கள். இந்த ஊரில் யாரும் துப்பாக்கிக்குக்கூட அப்படிப் பயப்படுவதில்லை.

"குறுக்குக்காத்து!" என்று அலறினாள் மாமி ஒருத்தி. "சாத்துங்கடா, கழுத்து இழுத்துக்கும்! குறுக்குக்காத்து!"

போர்கோ முள்கரண்டியைக் கீழே வைத்தான். டாரிங்காவைக் கையில் ஏந்தியபோது இருந்த அதே முகம்.

"குறுக்குக்காற்று," என்றான் மெதுவாக. "கூமே, அதுதான் உன் குழு."

ஸ்டிபான் மேசையில் இரண்டு கையாலும் தாளம் போட்டான். எமெஷெ வாய்விட்டுச் சிரித்தாள், அவளுக்குப் பிடித்துவிட்டது. மாமிகள் கழுத்தைப் பொத்திக்கொண்டே சிரித்தார்கள். சேவல் எந்தக் காற்றுக்குத் திரும்பியதோ அந்தக் காற்று வீட்டுக்குள் வந்துவிட்டது. நாட்டில் இருக்கிற அத்தனை அம்மாக்களும் தினமும் கத்துகிற சொல். பிறந்ததிலிருந்து காதில் விழும் வார்த்தை, நான் திறந்த கதவு, என் வீட்டுக் காற்று, எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தீஷா தன்னையே நொந்துகொண்டான். இனி ஒவ்வொரு மேடையிலும் தன்னை அறிவிக்கும்போது போர்கோவின் வாய்தான் பேசப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

கூடத்திலிருந்து ஸாவாவின் குரல் வந்தது. "கூம் வெச்ச பேரு. முடிஞ்சுபோச்சு. அந்த மண்டபத்துக்காரன் கூப்புட்டா அதையே சொல்லிடு."

தீஷா சார்மா தட்டை மேசை நடுவில் வைத்தான். சுவரோரம் காலியாக இருந்த நாற்காலியை இழுத்தான். அது தரையில் கிறீச்சிட்டது. போர்கோவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான்.

எல்லார் கையும் பாதியில் நின்றது. டானிட்சா கதவருகே "ஐயோ" என்றாள், சத்தமில்லாமல்.

"வேணாம் கூமே," என்றான் தீஷா. "சேவலுக்கு நீ வெச்ச. எம் பொண்ணுக்கு நீ வெச்ச. எனக்கே நீதான் வெச்ச. இந்தப் பிள்ளைக்கு நான் வெச்சுக்கிறேன்."

"வையேன்," என்றான் போர்கோ. புண்பட்ட மாதிரியும் தெரிந்தது, ஆர்வமாகக் கேட்கிற மாதிரியும் தெரிந்தது. "என்ன பேரு?"

தீஷா வாயைத் திறந்தான். இத்தனை மாதம் தேடிய பெயர்களில் ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. தீப்பெட்டிகூட வரவில்லை. எதிரே அத்தனை முகங்கள். அந்தச் சமயம் பார்த்துக் கூடத்தில் தொலைபேசி அடித்தது.

கதவு வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஸாவா அதைப் பிடுங்கி எடுத்தார். அபாடின் தம்பிதான் மறுபடி கூப்பிடுகிறான் என்று நினைத்தாரோ, யாராயிருந்தாலும் சரி என்று நினைத்தாரோ, எதிர்முனை என்ன கேட்கிறது என்பதையே கேட்காமல், தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"வீட்டுக்காரன் உட்கார்ந்துட்டான்! கேட்டுக்க! வீட்டுக்காரன் உட்கார்ந்துட்டான்!"

படாரென்று வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அடுத்து நடந்ததுதான் தீஷாவை இன்னும் எரித்தது. போர்கோ எழுந்தான். சார்மா தட்டைக் கையில் எடுத்துச் சுற்றிவந்து தீஷாவின் முன் குனிந்து இரண்டு சார்மா வைத்தான். "சாப்பிடு கூமே, ஆறிடும்" என்றான். மாமிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எப்பேர்ப்பட்ட கூம், எப்பேர்ப்பட்ட மனசு என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். வாழ்க்கையில் ஒருமுறை எதிர்த்து நின்றால், சரி, உட்கார்ந்தால், அதிலும் பேர் வாங்கிக்கொண்டு போவது அவன்தான். தீஷா சார்மாவைத் தின்றான். சுவை தெரியவில்லை.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் ஷாந்தோருக்கு அவனே போன் போட்டான். "குறுக்குக்காற்று"ன்னு போட்டுத் தொலைங்க என்று சொல்லிவிட மனதைத் தயார் செய்திருந்தான். எமெஷெயாவது மிஞ்சட்டும்.

"அதான் பேரு வந்துடுச்சே," என்றார் ஷாந்தோர். "அச்சுக்கும் போயாச்சு. நீளந்தான், ஆனா என்னமா இருக்கு! உங்கப்பாவே ரெண்டு தடவை சொன்னாரு, நிதானமா எழுதிக்கிட்டேன்."

மூன்றாம் நாள் ஊர் முழுக்க மரத்துக்கு மரம் தொங்கியது சுவரொட்டி. 'வீட்டுக்காரன் உட்கார்ந்துட்டான்' என்று கொட்டை எழுத்தில். 'முன்னாள்' எங்கும் இல்லை. எமெஷெ அதன் முன்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தீஷாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ரொட்டிக் கடையில், தபால் நிலையத்தில், எங்கே போனாலும் ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "உட்காருங்க வீட்டுக்காரரே!"

கச்சேரியன்று மண்டபம் நிரம்பியது, பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். தீஷா மேடையேறியதும் பின்வரிசையில் ஆரம்பித்தது. "உட்காரு! உட்காரு!" சற்றைக்கெல்லாம் மண்டபமே கூவியது. அவன் உட்காரவில்லை. பேஸ் கிட்டாரின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கோபத்தில் முதல் பாட்டை வழக்கத்தைவிட வேகமாக எடுத்தான். ஸ்டிபான் திணறிப் பிடித்தான். எமெஷெ அந்த வேகத்தில் ஏறிக்கொண்டாள். மூன்றாவது பாட்டு முடிந்து வியர்வையைத் துடைக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. "தண்டவாளம்" பாடச்சொல்லி இன்னும் ஒருவர்கூடக் கத்தவில்லை. குழு உடைந்ததிலிருந்து அப்படி ஒரு மாலை வந்ததே இல்லை. மறுபடி "உட்காரு!" என்று கூவினார்கள். அதற்காகவும் எரிச்சல்பட்டான், எரிச்சலோடே அடுத்த பாட்டைத் தொடங்கினான்.

குளிர்காலத்தில் போர்கோ போன் செய்தான். "கூமே, அந்தக் குறுக்குக்காத்து சும்மாத்தானே கெடக்கு. நான் எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்க. நீ பெத்த பிள்ளைதானே."

வசந்தத்தில் அந்தப் பெயரில் போர்கோவின் இசைத்தட்டு வந்தது. நாடே தலையில் தூக்கிவைத்து ஆடியது. பேருந்து ஜன்னலைச் சாத்தும்போதெல்லாம் கண்டக்டர்கள் அதைப் பாடினார்கள். கேட்கும்போதெல்லாம் தீஷாவுக்குள் ஏதோ சுருக்கென்றது. நல்ல பெயர், அதை இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

மறுவருடம் லூக்கா திருநாள் வந்தது. அத்தனை மாதம் மகனிடம் சரியாகப் பேசாத ஸாவா, காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள். தீஷா கோதுமைக் கிண்ணத்தோடு வாசலில் நின்றான், சூப்போடு நின்றான், இறைச்சியோடு நின்றான். வந்தவர்களில் பாதிப் பேர் அவனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுப் பார்த்தார்கள். அவன் அதைக் காலால் ஒதுக்கிவிட்டுப் பரிமாறினான்.

கூடத்தில் ஸாவா அபாடின் தம்பியிடம் கத்திக்கொண்டிருந்தார். "ஆமா, நம்ம பையன் பாட்ட ரேடியோவுல நானும் கேட்டேன்! அவன் குழுவுக்குப் பேரு வெச்சதே நான்தானே! வேற யாரு?"

மேசையின் தலைமை இடத்திலிருந்து போர்கோ கோப்பையை உயர்த்தினான். "பெரியவரே, நான் அன்னிக்குப் பேச்ச எடுக்கலன்னா அந்தப் பேரே பொறந்திருக்காது. பாதிப் பங்கு எனக்கு!" ஷாந்தோரும் வந்திருந்தார். எழுதிக்கொண்டது தான்தானே என்று அவரும் கையைத் தூக்கினார். அறை சிரித்தது.

தீஷா சார்மா தட்டை மேசையில் வைத்தான். முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

"பேர யாரு வேணா வெச்சிருக்கலாம்," என்றான். "உட்கார்ந்தது நான்."